ஐந்து தேக்சாவும் பழனியப்பன் கட்டாத வரியும்

கிள்ளானில் ஒரு கல்யாணம் நடக்கிறது என்றால் மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் தம்புசாமியின் லோரி வந்திருக்கும். இதை அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் சொன்னதால் அது பொய்யாகிவிடாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினான்கு வயதில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் குந்தி அண்டா கழுவியவர். இன்றைக்கு எழுபத்திரண்டு வயதில் அறுபது அண்டா, நானூறு நாற்காலி, பன்னிரண்டு கேஸ் அடுப்பு, சொந்தமாக ஒரு லோரி என்று வாடகைப் பாத்திரக் கடை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பேங்கில் ஒரு காசு கடன் கிடையாது. கூடப் படித்தவர்களில் பத்தாவது தேறியவன் ஒருவன் இன்னும் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். யார் கெட்டிக்காரன் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த அறுபதிலும் ராஜா அந்த ஐந்து தேக்சாக்கள்தான். பிரியாணிக்கென்றே செய்த தாமிர தேக்சாக்கள், உள்ளே ஈயம் பூசியவை. ஆம்பூரில் நேரே போய் நின்று, தட்டிப் பார்த்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார். ஒன்றைத் தூக்க நாலு ஆள் வேண்டும். ஒன்றில் ஆக்கினால் நூற்றைம்பது பேர் வயிறாரச் சாப்பிடலாம். அலுமினியப் பாத்திரம் ஊரில் யாரிடமும் கிடைக்கும். இந்த மாதிரி தாமிரம் வேண்டுமென்றால் தம்புசாமியிடம்தான் வர வேண்டும். மஸ்ஜித் இந்தியா சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் பீர் முகம்மதும் அதற்காகத்தான் வந்தார். அவர் மகள் ஹனீனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், கிள்ளானில் மண்டபம், எழுநூறு பேருக்குச் சாப்பாடு. பிரியாணி ஆக்கும் பண்டாரி முதலிலேயே சொல்லிவிட்டாராம், தாமிர தேக்சா இல்லாவிட்டால் கரண்டியைத் தொட மாட்டேன் என்று.

"சனிக்கிழமை காலைல பாத்திரம் மண்டபத்துல இருக்கும் பாய். நீங்க பொண்ணோட வேலையைப் பாருங்க" என்று கைகொடுத்து அனுப்பினார் தம்புசாமி. இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு கல்யாணத்துக்கும் அவர் சொன்ன நேரம் தவறியதில்லை. பேப்பரில் கையெழுத்துப் போடுகிற பழக்கமும் இல்லை. வாய்ச்சொல்தான் ஒப்பந்தம்.

அந்த வாய்தான் புதன்கிழமை அவரைக் காலை வாரிவிட்டது.

காலை பத்து மணிக்கு நகராண்மை மன்றத்தின் வெள்ளை வேன் வாசலில் வந்து நின்றது. டேப்பும் ஸ்டிக்கரும் எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பெயர் வாணி, வரி பாக்கி வசூலிக்கிற பிரிவில் வேலை.

"அங்கிள், இந்தக் கடைக்கு ஆறு வருஷ மதிப்பீட்டு வரி பாக்கி. பில் அனுப்பியாச்சு, நோட்டீஸ் அனுப்பியாச்சு, கடைசி நோட்டீசும் அனுப்பியாச்சு. இது வாரண்டு. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து அறுநூத்து நாப்பது வெள்ளி."

"யாருக்கும்மா பாக்கி? எனக்கா? நான் பொறந்ததுலேர்ந்து எவனுக்கும் பாக்கி வச்சது கிடையாது. கிள்ளான்ல யாரை வேணா கேளு."

"கடை உங்க பேர்லயா இருக்கு?"

"பழனியப்பன் சார் கடை. நான் வாடகைக்கு இருக்கேன். மாசம் ஆயிரத்து அறுநூறு. ஒரு மாசம் தவறினதில்ல."

"அப்போ பாக்கி அவருதுதான் அங்கிள்."

"அவரு பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காரு. அங்க போ."

"போக முடியாது. வரி இந்தக் கடை மேல விழுந்தது. கடைக்குள்ள என்ன சாமான் இருக்கோ அதுக்குத்தான் சீல். ஏழு நாள் டைம். கட்டினா சீலை எடுத்துடுவோம், கட்டலைன்னா ஏலம்."

தம்புசாமிக்கு இது புரியவே இல்லை. எந்த மனிதனுக்குத்தான் புரியும்? வரி கட்டாதவன் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். வாடகை ஒழுங்காகக் கட்டியவன் வாசலில் வேன் நிற்கிறது. அதையும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, அங்கிள் அங்கிள் என்றே சொல்கிறாள். சண்டை போடவும் வழியில்லை.

நோட்டீஸ்கள் வந்தது அவருக்குத் தெரியும். ஆனால் உறை மேல் பழனியப்பன் பெயர் இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறவர் இல்லை தம்புசாமி. ஒன்று விடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, மாதா மாதம் வாடகையோடு சேர்த்து பழனியப்பன் கையிலேயே கொடுத்திருக்கிறார். அவர் அதை வாங்கி என்ன செய்தார் என்பது இவர் வேலையில்லை. இதில் இவருடைய யோக்கியத்துக்கு என்ன குறை?

வாணி வேலையைத் தொடங்கினாள். நாற்காலிகளை எண்ணி, ஒன்றுக்கு எட்டு வெள்ளி போட்டாள். பழைய பிரிட்ஜுக்கு ஐந்நூறு. மேசைகள், அடுப்புகள், ஒரு டிவி. எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டே உள்ளே போனாள். மூலையில் துணி மூடிக் கிடந்த தேக்சாக்களை எட்டிப் பார்த்து, "பழைய பானை, ஐந்து, ஒன்றுக்கு நாற்பது வெள்ளி" என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதப் போனாள்.

அப்போது தம்புசாமி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாற்காலி போனால் வாடகை நாற்காலி கிடைக்கும், டிவி போனால் கடையில் நிம்மதி. ஆனால் நாற்பது வெள்ளி என்று காதில் விழுந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"நாப்பதா? ஏம்மா, உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு? துணியை எடு. தட்டிப் பாரு. ஆம்பூர் தாமிரம். ஒண்ணு ரெண்டாயிரம் வெள்ளிக்குக் கீழே எவனும் தர மாட்டான். இந்த மாதிரி அஞ்சு மலேசியாவுலயே வேற எங்கயும் கிடையாது."

"ரெண்டாயிரமா அங்கிள்?"

"சந்தேகமா இருந்தா எழுதித் தரேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதித் தரேன் என்று சொன்னார், அதுவும் இந்த நேரம் பார்த்து.

வாணி பேனாவை நிறுத்தி, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். பிறகு நாற்காலி, மேசை, பிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தாள். "பாக்கித் தொகைக்கு மேல எடுக்கக் கூடாது அங்கிள். நீங்க சொன்ன விலைக்கு இந்த அஞ்சே போதும். மத்ததெல்லாம் நீங்க பொழங்கிக்கலாம்."

ஐந்து தேக்சாக்களின் மூடிக்கும் வாய்க்கும் குறுக்கே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அசைத்தால் குற்றம், கிழித்தால் குற்றம். கடையை விட்டு வெளியே எடுத்தால் அதற்கும் வேறு ஏதோ குற்றம். போகும்போது அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னாள். தம்புசாமி காது கொடுக்கவில்லை. ஆம்பூரில் தான் எப்படி விலை குறைத்தார் என்பதை ஸ்டிக்கர் ஒட்டிய ஆளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது.

அன்று மத்தியானமே கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனார். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனார், அந்த வயதில். பழனியப்பன் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஸ்காட் சாலைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஏழாவது மாடி. கதவைத் திறந்ததும், "அடடே தம்பு, இன்னிக்கு ஒண்ணாந்தேதி இல்லையே" என்றார்.

"சார், கடைக்கு சீல் வச்சிட்டாங்க. ஆறு வருஷம் வரி கட்டலையாமே?"

"உட்காரு. டீ குடிக்கிறியா?"

"டீ வேணாம் சார். வரி கட்டினீங்களா இல்லையா?"

பழனியப்பன் எழுந்து போய் ரப்பர் வளையம் போட்ட ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். அத்தனையும் தம்புசாமி மாதா மாதம் கொண்டுவந்து கொடுத்த உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"தம்பு, உனக்கு இந்த விஷயம் தெரியாது. வருஷக் கடைசியில அபராதத்துல தள்ளுபடின்னு அறிவிப்பாங்க. அவசரப்பட்டுக் கட்டினவன்தான் ஏமாளி. நான் தள்ளுபடிக்குக் காத்திருக்கேன்."

"ஆறு வருஷமாவா?"

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் இன்னும் நல்ல தள்ளுபடி வரும்னு ஆளுங்க பேசிக்கிறாங்களே."

"சார், என் தேக்சா அஞ்சும் மாட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை நிக்காஹ். எழுநூறு பேர்."

"என்னோட சாமான் ஏதாவது எடுத்தாங்களா?"

"உங்க சாமான் அங்க ஏது?"

"அதான் பாரு. எனக்கு அதுல ஒண்ணும் செய்ய முடியாது தம்பு. கையில இப்ப அவ்வளவு காசு இல்ல. டிசம்பர்ல பார்ப்போம்."

டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. படித்த மனிதர், முப்பத்தைந்து வருடம் கவர்மென்ட் ஆபீசில் குப்பை கொட்டியவர், சட்டையில் பேனா செருகாமல் வாசல் தாண்டாதவர். இப்படி ஒரு பதிலை வெட்கமில்லாமல் சொன்னார். தம்புசாமி டீயைத் தொடாமல் எழுந்து வந்தார். மூன்றாம் வகுப்புப் படிப்பே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது அவருக்கு. திரும்பி வருகிற வழியில் ரயிலில் பீர் முகம்மது போன் செய்தார்.

"அண்ணே, சனிக்கிழமை காலைல தேக்சா வந்துடும்ல? பண்டாரி கேட்டுக்கிட்டே இருக்காரு."

"வந்துடும் பாய்" என்றார் தம்புசாமி. வேறு என்ன சொல்வார்?

வீட்டில் மனைவி ரமணி முழுக் கதையையும் கேட்டாள். காலையில் சீல் வைத்தபோது அவள் கடையில்தான் இருந்தாள், கணக்கு மேசையில்.

"தெலுக் பங்லிமா காராங்ல சின்னையாகிட்ட அண்டா இருக்கு. கேட்டா தருவான்" என்றாள்.

"சின்னையாவா? என்கிட்ட பாத்திரம் கழுவினவன். அவன்கிட்ட போய் நான் கை நீட்டவா? அவன்கிட்ட இருக்கிறது அலுமினியம். அதுல பிரியாணி ஆக்கினா அடி பிடிக்கும்."

"அப்போ வரியை நீங்களே கட்டுங்க."

"அடுத்தவன் வரியை நான் கட்டவா? எனக்கு என்ன பைத்தியமா?"

"கட்டிட்டு வாடகையில கழிச்சுக்கங்க. அந்தப் பொண்ணு போறப்போ அதைத்தானே சொன்னுச்சு. வாடகைக்கு இருக்கிறவங்க கட்டினா ரசீதைக் காட்டி வாடகையில பிடிச்சுக்கலாம்னு. நீங்கதான் ஆம்பூர்ல இருந்தீங்க."

 தம்புசாமிக்கு வழி தெரியாமல் இல்லை. அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் வெள்ளியும் இருந்தது, அலமாரியில், துணிக்கு அடியில். ஆனால் எழுபத்திரண்டு வயது வரை நிமிர்ந்து நின்ற மனிதர், பழனியப்பன் போட்ட குப்பையைக் குனிந்து அள்ளுவதா? வியாழக்கிழமை முழுவதும் இதையே சொல்லிக்கொண்டு கடைக்குள் நடந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார், நடந்தார். சாயங்காலம் பண்டாரியே நேரில் வந்து தேக்சாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஈயம் பூசுவதற்கு அனுப்பியிருக்கிறேன் என்று பொய் சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். பொய் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. தொழிலில் இதுவரை பொய்யே சொன்னதில்லை, விலை சொல்லும்போது தவிர.

வெள்ளிக்கிழமை காலை பணத்தைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனார்.

அங்கே நம்பர் எடுக்க ஒரு வரிசை. நம்பர் இருநூற்றுப் பதினொன்று. பலகையில் நூற்று அறுபது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கைப்பேசியைக் காட்டி, "அங்கிள், எல்லாம் ஆப்லயே கட்டலாம்லா" என்றார். "காசை நான் கண்ணால பார்த்துக் குடுப்பேன், ரசீதைக் கண்ணால பார்த்து வாங்குவேன்" என்றார் தம்புசாமி. அந்த ஆள் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இவர் பன்னிரண்டு மணிக்குத்தான் கவுன்டர் முகப்புக்குப் போனார். பெயரைத் தட்டிப் பார்த்த அதிகாரி தலையை ஆட்டினார். வாரண்டு வந்த கணக்காம், இங்கே வாங்க முடியாதாம். இரண்டாவது மாடியில் தொகையை உறுதி செய்து ஒரு தாள் வாங்கி வரணும். இரண்டாவது மாடிக்கு ஏறினார். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மூடியிருந்தது. இரண்டே முக்காலுக்குத் திறக்கும்.

கீழே வந்து ஒரு ரொட்டி சாப்பிட்டார். மறுபடி ஏறினார். தாள் கிடைத்தது. தாளோடு கீழே வந்தார். புது நம்பர் எடுக்கச் சொன்னார்கள். காசை மூன்று தடவை எண்ணினார்கள். ரசீது கைக்கு வந்தபோது மணி நாலு ஐந்து. அதில் கணக்கு பழனியப்பன் பெயரில், கட்டியவர் தம்புசாமி என்று தனியாக எழுதி முத்திரை குத்தினார்கள். அந்த ஒரு எழுத்துக்காக நாலு தடவை வற்புறுத்தினார்.

"சீலை இன்னிக்கே எடுத்துடுவீங்களா?"

"இல்ல பாக்சிக், திங்கட்கிழமைதான் ஆள் வரும். சனி, ஞாயிறு லீவு" என்றார் அதிகாரி. மலாயில் பாக்சிக் என்றாலும் அங்கிள்தான்.

அப்போதுதான் தம்புசாமிக்கு உண்மையிலேயே பொறுமை போனது. கவுன்டர் மேசையில் கையை வைத்துக்கொண்டு, தமிழும் மலாயும் கலந்து அரை மணி நேரம் பேசினார். கெட்ட வார்த்தை ஒன்று இல்லை. வாரண்டு ஒட்ட புதன்கிழமை பத்து மணிக்கு வேன் வருகிறது, காசு கட்டினவனுக்கு சீல் எடுக்க மட்டும் ஆள் இல்லையா என்று கேட்டார். வேறு ஆள் வரி கட்டாததற்கு நான் கட்டிவிட்டேன், வேறு ஆள் வேலைக்கும் நானே வரணுமா என்று கேட்டார். வரிசையில் இருந்த மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒரு சீனக் கிழவர் தானும் அதே கதைதான் என்று கையைத் தூக்கினார். கடைசியில் அந்த அதிகாரி, இந்த மனிதர் வீட்டுக்குப் போனால் போதும் என்று, வாணியின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

"அங்கிள், நான் இப்போ போர்ட் கிள்ளான் பக்கம், இன்னும் ஒரு கடை பாக்கி" என்றாள் வாணி போனில். "ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்க. சரியா இருந்தா வீட்டுக்குப் போற வழியில உங்க கடைக்கு வரேன். ஆறு மணிக்குள்ள. கடையைப் பூட்டிட்டுப் போயிடாதீங்க."

"நான் கடையைப் பூட்டிட்டுப் போறதா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் நேரத்துக்கு முன்னால பூட்டினதில்ல."

"சரி அங்கிள். ரசீதை அனுப்புங்க."

படம் எடுத்து அனுப்பத் தெரியாததால் ரசீதோடு கடைக்கு வந்தார், ரமணிதான் அனுப்பினாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாணி மோட்டார் சைக்கிளில் வந்தாள். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் எண்ணைச் சரிபார்த்து, நகத்தால் கிழித்து எடுத்தாள். பசை தாமிரத்தோடு ஒட்டிக்கொண்டு வராமல் நின்றது. ரமணி மண்ணெண்ணெய்த் துணியோடு குந்தித் தேய்த்தாள். வாணியும் கொஞ்சம் தேய்த்தாள், அது அவள் வேலையில்லை. தம்புசாமி நின்றுகொண்டு எங்கே பசை இருக்கிறது என்று விரலால் காட்டினார்.

"அங்கிள், வாடகையில கழிக்கிறதா இருந்தா வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க. உங்ககிட்ட வாடகை ஒப்பந்தம் எதுவும் இருக்கா?"

"ஒப்பந்தமா? என் வார்த்தைதான் ஒப்பந்தம்."

"அவரு வார்த்தையும் அப்படியா?"

தம்புசாமி அவளைப் பார்த்தார். பிறகு, "ரமணி, ஒரு பேப்பர் எடு" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோரி மண்டபத்தில் நின்றது. பண்டாரி ஒவ்வொரு தேக்சாவையும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் பாராட்டு. பிரியாணி அடி பிடிக்கவில்லை. எழுநூறு என்று சொன்ன கூட்டம் எண்ணூறாக வந்தது. பீர் முகம்மது விருந்து முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தம்புசாமி தன் சொல் தவறாததைப் பற்றி கால் மணி நேரம் பேசினார். வரியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒன்றாம் தேதி வந்தது. தம்புசாமி வாடகை கொண்டுபோகவில்லை. இரண்டாம் தேதி பழனியப்பன் போன் செய்தார். ரமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பு, வரலையே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க வரியை நான் கட்டிட்டேன். ஒன்பதாயிரத்து அறுநூத்து நாப்பது. ரசீது என் கையில இருக்கு. ஆறு மாசத்துக்கு வாடகை கிடையாது. ஏழாவது மாசம் நாப்பது வெள்ளி கழிச்சுத் தருவேன். இதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

இரண்டு நாளாக இதற்காகவே தயாராக இருந்தார். பழனியப்பன் கத்துவார், மன்றத்தைத் திட்டுவார், தன்னையும் திட்டுவார். அதற்கு இவர் என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தார். நல்ல பதில்கள். வீணாகப் போயின.

"கட்டிட்டியா?" என்றார் பழனியப்பன். குரலில் கோபம் இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது. "நல்ல வேலை செஞ்சே தம்பு. வரிசையில நிக்கிறது, நம்பர் எடுக்கிறது, இதெல்லாம் எனக்கு ஒத்து வர்றதே இல்ல. முட்டி வலி வேற. பேப்பரைக் கொண்டு வா, கையெழுத்துப் போடறேன். அதுலயே ஒரு வரி சேர்த்து எழுதிடு. இனிமே ஜனவரி, ஆகஸ்ட் ரெண்டு தடவை வர்ற வரியையும் நீயே கட்டிட்டு வாடகையில பிடிச்சுக்க. எனக்கு அலைச்சல் மிச்சம்."

"சார், நான் உங்க குமாஸ்தாவா?"

"அப்படிச் சொல்லலை தம்பு. உனக்கு அங்க எல்லாரையும் தெரியுமே."

  போன் வைத்ததும் ரமணி அந்தப் பேப்பரையும் பேனாவையும் எடுத்துவந்து தம்புசாமி முன்னால் வைத்தாள்.

"என்ன எழுதணும்?"

"அவர் சொன்னதைத்தான்" என்றார் தம்புசாமி. "அதோட இன்னொண்ணும் எழுது. வரிசையில நிக்கிற கூலி, ஒரு தடவைக்கு அம்பது வெள்ளி. ரொட்டி, டீ தனி."

ரமணி எழுதினாள். அந்த ஒரு வரியை மட்டும் பழனியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் அந்த ஐம்பது வெள்ளிக்காகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.